டூ-வீல் பிக்அப்பை ஃபோர்-வீலாக மாற்றலாமா? பட்டறைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "பின் சக்கரம் சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது." லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைக் குலை ஏற்றுகிற சின்னக் குத்தகைக்காரர்கள், சிறுதோட்டக்காரர்கள் பலரும் வைத்திருப்பது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்அப்தான். அடுத்த கேள்வி தானாக வரும்: "முன் சக்கரத்தையும் இழுக்க வெச்சிட்டா என்ன? ஹாஃப் கட் கடையில சாமான் கிடைக்குதாமே?"

கிடைக்கும். மாற்றவும் முடியும். ஆனால் எந்த வண்டியில் முடியும், என்ன செலவு வரும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே என்ன கேட்கும், விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் என்ன சொல்லும் என்பதையெல்லாம் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டால் பிறகு சிக்கல் உங்களுக்குத்தான்.

சுருக்கமாகச் சொன்னால்:

• ஃபோர்-வீல் என்பது தனியாக வாங்கி மாட்டுகிற ஒரு பாகம் அல்ல. வண்டியின் முன் பாதியையும் கியர்பாக்ஸின் பின் பாதியையும் மாற்றுகிற வேலை.
• வேலையைத் தொடங்கும் முன்பே ஜேபிஜேயிடம் அனுமதி கேட்க வேண்டும். செய்து முடித்த பிறகு கேட்பது முறையல்ல.
• பெரும்பாலான புதிய பிக்அப்களுக்கு, இருப்பதை விற்றுவிட்டு ஃபோர்-வீல் வண்டி வாங்குவதே மலிவு.
• உங்கள் பிரச்சினை வருடத்தில் சில வாரச் சேறு மட்டும் என்றால், டயரும் பின் டிஃபரன்ஷியலும் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்?

நெகிரி செம்பிலான் உட்பட மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் மழை அதிகம். அந்த நேரத்தில் வேலைக்காட்டுச் செம்மண் பாதை சோப்பு தடவியதுபோல் ஆகிவிடும். மேலே ஒரு மெல்லிய களிமண் படலம், கீழே கெட்டித் தரை. டயரின் பள்ளங்களைச் சேறு அடைத்துக்கொண்டால் டயர் வழவழப்பாகிவிடும், பிடிப்பு போய்விடும்.

செம்பனைக்கு இது பணப் பிரச்சினை. வெட்டிய குலையைக் கூடிய விரைவில், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள், ஆலையில் சேர்க்க வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாரும் அறிந்த கணக்கு. தாமதமானாலோ, பழம் நசுங்கினாலோ எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா செம்பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சந்தையின் பொதுவான அளவுகோல். அதனால் ஆலை வாசலில் தரம் பார்க்கும்போதே குலையின் நிலை விலையில் பிரதிபலிக்கும். வண்டி ஒரு இரவு சேற்றில் நின்றால் அந்தச் சுமையின் மதிப்பு குறைகிறது. அடுத்த சுற்று வெட்டும் தள்ளிப்போகிறது.

பெரிய நிறுவனத் தோட்டங்களில் இதற்கு டிராக்டர் இருக்கிறது. நூறு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கும், குலை ஏற்றும் சின்னக் குத்தகைக்காரருக்கும் பெரும்பாலும் பிக்அப்தான் டிராக்டர், அதுதான் லோரி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரும் அதுதான். அதில் கைவைக்கும் முன் யோசிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

டூ-வீலுக்கும் ஃபோர்-வீலுக்கும் என்ன வித்தியாசம்?

டூ-வீல் பிக்அப்பில் சக்தி ஒரே நேர்கோட்டில் போகிறது. என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், நீள ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல், பின் சக்கரங்கள். முன் சக்கரங்கள் திரும்புவதற்கும் பிரேக்குக்கும் மட்டும்தான். அவை உருள்கின்றன, இழுப்பதில்லை.

ஃபோர்-வீலில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற ஒரு பெட்டி இருக்கும். சக்தியை இரண்டாகப் பிரிப்பது அதன் வேலை. ஒரு ஷாஃப்ட் பின்னால் போகும், இன்னொன்று முன்னால் போய் முன் டிஃபரன்ஷியலைச் சேரும். அங்கிருந்து இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரங்களுக்குச் சக்தி போகும்.

டிரான்ஸ்பர் கேஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதில் 'லோ' கியர் இருக்கிறது. பல பிக்அப்களில் அது இழுவையைச் சுமார் இரண்டரை மடங்கு கூட்டி, வேகத்தை அதே அளவுக்குக் குறைக்கிறது. சுமையோடு செங்குத்தான மண்மேட்டில் ஏறவும், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெல்ல இறங்கவும் இதுதான் உதவுகிறது. தோட்ட வேலையில் ஃபோர்-வீல் வண்டியின் அருமை பாதி இந்த லோ கியரில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான பிக்அப்களில் இருப்பது 'பார்ட்-டைம்' ஃபோர்-வீல். அதை இயக்கியதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் போகிற தூரமும் பின் சக்கரம் போகிற தூரமும் வேறு. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை என்பதால் ஸ்டியரிங் இறுகும், டிரான்ஸ்பர் கேஸ் பாதிக்கப்படும். தார் ரோட்டுக்கு வந்ததும் டூ-வீலுக்கு மாற்றியாக வேண்டும்.

அப்படியானால் என்னென்ன மாற்ற வேண்டும்?

"டிரான்ஸ்பர் கேஸ் ஒண்ணு, முன் டிஃப் ஒண்ணு, அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால், கீழே உள்ள பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

கியர்பாக்ஸ்: டூ-வீல் கியர்பாக்ஸின் பின்முனையில் டிரான்ஸ்பர் கேஸ் பொருத்த இடமிருக்காது. பல மாடல்களில் வெளியே வரும் ஷாஃப்டே வேறு அளவு. அதனால் டிரான்ஸ்பர் கேஸோடு சேர்ந்த ஃபோர்-வீல் கியர்பாக்ஸை முழுதாகப் போடுவதே வழக்கம்.

ஷாஃப்ட்கள்: முன் ஷாஃப்ட் புதிதாக வரும். டிரான்ஸ்பர் கேஸ் இடம் பிடிப்பதால் பின் ஷாஃப்டின் நீளமும் மாறும். வெட்டி ஒட்டிய ஷாஃப்டைக் கட்டாயம் பேலன்ஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி அதிரும், சிலுவை மூட்டு சீக்கிரம் போய்விடும்.

முன் டிஃபரன்ஷியலும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும்: டூ-வீல் சேசிஸில் இதற்கான துளைகளும் குறுக்குச் சட்டமும் இல்லாமல் இருக்கலாம். அப்போது வெல்டிங் வேலை வரும். சுமை தாங்கும் இடத்தில் வெல்டிங் என்பது சாதாரண விஷயம் இல்லை.

நக்கிள், ஹப், பேரிங்: டூ-வீல் முன் சக்கரத்தின் நடுவில் டிரைவ் ஷாஃப்ட் நுழையத் துளையே இருக்காது. ஆக, சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்கள் இரண்டு பக்கமும் மாற வேண்டும். அதோடு பிரேக், ஸ்டியரிங் மூட்டுகள், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து வரும்.

எண்ணெய்த் தொட்டி: சில என்ஜின்களில் முன் டிஃபரன்ஷியலுக்கு இடம் விடுவதற்காக என்ஜின் எண்ணெய்த் தொட்டியின் வடிவமே வேறு. அதையும், அதற்குள் இருக்கும் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மின் இணைப்பு: பழைய வண்டியில் ஒரு நெம்புகோல் போதும். புதிய வண்டிகளில் ஃபோர்-வீலை இயக்குவது ஒரு சுவிட்ச், ஒரு மோட்டார், ஒரு கணினி. ஏபிஎஸ், வழுக்கல் தடுப்பு எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். தப்பான கணினியோடு இணைத்தால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைவிட மோசம், அவசரமாகப் பிரேக் அடிக்கும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம்.

இவ்வளவும் சேர்ந்தால் வண்டியின் வெறும் எடை சுமார் 100 கிலோ, சில மாடல்களில் அதற்கு மேலும் கூடும். சுமையோடு சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடாது. அப்படியானால் அந்த 100 கிலோவை நீங்கள் ஏற்றும் குலையிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

எந்த வண்டியில் இது நடக்கக்கூடிய வேலை?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு உதவும். டூ-வீல் டிரக்கை ஃபோர்-வீலாக மாற்றுவது ஒரு காலத்தில் தொழிலாகவே இருந்தது. அமெரிக்காவில் 1930-களில் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் ஃபோர்ட் டிரக்குகளை இப்படி மாற்றிக் கொடுத்தது. 1950-களில் மினியாபொலிஸ் நகரின் நாப்கோ நிறுவனம் செவ்ரோலே, ஜிஎம்சி டிரக்குகளுக்கு ஒரு முழு 'கிட்' விற்றது. 1957-இல் செவ்ரோலே அதைத் தன் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுக்கத் தொடங்கியது. டோயோட்டா ஹைலக்ஸ் 1968-இல் வந்தது என்றாலும் தொழிற்சாலையிலிருந்து ஃபோர்-வீல் ஹைலக்ஸ் வந்தது 1979-இல்தான்.

அந்தக் காலத்து டிரக்குகளில் அது எப்படிச் சாத்தியமானது? முன்பக்கமும் பின்பக்கம்போலவே பட்டை ஸ்பிரிங்கின் மேல் கிடக்கும் ஒரே இரும்புத் தண்டுதான். பழைய தண்டைக் கழற்றி, டிஃபரன்ஷியல் உள்ள தண்டைப் பொருத்தினால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பழைய மஹிந்திரா ஜீப்பை ஃபோர்-வீலாக மாற்றும் யூடியூப் காணொளிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே வேலை சுலபமாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். டூ-வீல் ஜீப்பிலும் முன்னால் பட்டை ஸ்பிரிங், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தண்டு. அந்த ஜீப் வேறு, உங்கள் பிக்அப் வேறு.

இன்று நம் சாலையில் ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா, ரேஞ்சர் எல்லாவற்றிலும் முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் அமைப்பு. டூ-வீல் மாடலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, தரையோடு தாழ்ந்த வகை. இதில் முன் அமைப்பு முழுவதுமே வேறாக இருக்கலாம்; மாற்றுவது ஏறக்குறைய புது வண்டி கட்டுவதுபோல். இன்னொன்று, ஃபோர்-வீல் வண்டியின் உயரத்திலேயே நிற்கும் டூ-வீல். தாய்லாந்தில் டோயோட்டா 'பிரீரன்னர்' என்றும் ஈசுசு 'ஹைலேண்டர்' என்றும் விற்பது இந்த வகை. இதில் சேசிஸும் முன் கைகளும் ஃபோர்-வீலோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் என்பதால் மாற்றும் வேலை ஓரளவு நடைமுறைக்கு வரும்.

உங்கள் வண்டி எது என்று சேசிஸ் தகடே சொல்லும். டி-மேக்ஸில் மாடல் குறியீடு 'டிஎஃப்ஆர்' என்று தொடங்கினால் டூ-வீல், 'டிஎஃப்எஸ்' என்றால் ஃபோர்-வீல். ஹைலக்ஸ் வீகோ 2.5-இல் 'கேயுஎன் 15' டூ-வீல், 'கேயுஎன் 25' ஃபோர்-வீல். இதை நினைவில் வையுங்கள், சட்டம் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

ஹாஃப் கட் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஹாஃப் கட் என்றால் வெளிநாட்டில் ஓடிய வண்டியின் முன் பாதியை அப்படியே வெட்டி இறக்குமதி செய்தது. என்ஜின், கியர்பாக்ஸ், முன் டிஃபரன்ஷியல் எல்லாம் ஒன்றாகக் கிடைப்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் பின் டிஃபரன்ஷியல் அதில் வராது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முன் டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் பின் டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 4.1, பின்னால் 3.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்ப வித்தியாசம். ஆனால் ஃபோர்-வீலில் 100 மீட்டர் போனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சுமார் 5 மீட்டர் இழுபறி நடக்கும். ஏதாவது ஒன்று உடையும்வரை அது நிற்காது.

விகிதத்தை நீங்களே சரிபார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜேக் போட்டுத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நீள ஷாஃப்ட் நான்கு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றினால் விகிதம் 4.1-க்குப் பக்கம். பத்துச் சுற்று சுற்றி எண்ணினால் கணக்கு இன்னும் துல்லியமாக வரும். கடையில் இருக்கும் முன் டிஃபரன்ஷியலையும் இதேபோல் எண்ணச் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று விஷயம். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வெளியே வரும் பக்கமும் முன் டிஃபரன்ஷியல் இருக்கும் பக்கமும் ஒன்றா? டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? எண்ணெயை வடித்துப் பார்க்கும்போது பால்போல் வெளுத்திருக்கிறதா, இரும்புத் துகள் வருகிறதா? பால் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

"அதெல்லாம் வேண்டாம், ஃபோர்-வீல் சேசிஸையே முழுசா மாத்திடலாம், மேல உங்க பாடியை உட்கார வெச்சிடலாம்" என்று சிலர் யோசனை சொல்லலாம். கவனம். வண்டியின் அடையாளமே சேசிஸ் எண்தான். வேறு சேசிஸ் என்றால் அது சட்டப்படி வேறு வண்டி. பழைய எண்ணை வெட்டி ஒட்டுவதும் திருத்தி அடிப்பதும் குற்றம். அப்படி ஒரு வண்டி பிடிபட்டால் அதைப் பறிமுதல் செய்வார்கள். திருட்டு வண்டியோ என்ற விசாரணையும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். வண்டியின் பதிவு விவரங்களைப் பாதிக்கும் எந்த மாற்றத்தையும் உரிமையாளர் ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் 12-ஆவது பிரிவு. தெரிவிக்க வேண்டிய பொறுப்பு பட்டறைக்காரருக்கு இல்லை, கெரானில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான்.

சக்கர இயக்கத்தை மாற்றுவது ரிம் மாற்றுவதுபோல் அல்ல. மாடல் குறியீடு, வெறும் எடை, சில நேரம் என்ஜின் எண் என்று பல விவரங்கள் மாறுகின்றன. அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. முதலில் சிரம்பானில் உள்ள ஜேபிஜே அலுவலகத்தில் உங்கள் மாடலைச் சொல்லி, இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்குமா, என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். தொழில்நுட்ப மாற்றங்களை ஆராய்வது ஜேபிஜேயின் வாகனப் பொறியியல் பிரிவு. பதிலை எழுத்து மூலமாக வாங்குங்கள்.

2. அனுமதி கிடைத்த பிறகே வேலை. பாகங்கள் வாங்கிய ரசீது, ஹாஃப் கட் என்றால் அதன் இறக்குமதி ஆவணம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

3. அடுத்து வாகனப் பரிசோதனை. 1994 முதல் இதைச் செய்து வருவது புஸ்பகோம். 2024 ஆகஸ்டோடு அதன் தனி உரிமை முடிந்து, மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. உங்கள் வகைப் பரிசோதனையை எங்கே செய்யலாம் என்பதை ஜேபிஜேயிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பரிசோதனை முடிவோடு மறுபடி ஜேபிஜே. பதிவில் விவரம் மாறினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

அனுமதி மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் இது முதல் படியாக இருக்க வேண்டும்.

"யார் பார்க்கப் போறாங்க?" என்று நினைக்கலாம். வண்டியை விற்கும்போது பார்ப்பார்கள். பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை உண்டு. 'டிஎஃப்ஆர்' என்று தகடு இருக்கும் வண்டியின் அடியில் முன் டிஃபரன்ஷியல் தொங்கினால் யாருக்கும் புரியும்.

"தோட்டத்துக்குள்ளேயே ஓட்டினா என்ன?" என்பதும் வழக்கமான கேள்வி. குலை ஆலைக்குப் போக வேண்டும், டீசல் போட வேண்டும், டயர் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் தார்ச் சாலையைத் தொட்டாக வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உறவினர் செய்ததைப் பார்த்து இங்கே செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. 2019 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

வங்கியும் காப்புறுதியும்

வண்டிக்கு இன்னும் தவணை கட்டுகிறீர்களா? அப்படியானால் கடன் முடியும்வரை வாடகைக் கொள்முதல் முறையில் உரிமை வங்கியிடம் இருக்கிறது. அதன் சம்மதம் இல்லாமல் வண்டியின் அடிப்படையை மாற்ற முடியாது.

காப்புறுதி எடுக்கும்போது கேட்கிற கேள்விகளுக்குச் சரியான தகவல் தருவது உங்கள் கடமை என்பது 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தில் உள்ளது. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு, வண்டி கவிழ்ந்த பிறகு இழப்பீடு கேட்டால் நிறுவனம் நிராகரிக்கவோ குறைக்கவோ காரணம் கிடைத்துவிடும். ஒரு கடிதம், ஒரு பதில். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்?

ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரியுங்கள்.

இடப் பக்கத்தில் மாற்றும் செலவு: கியர்பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும், முன் டிஃபரன்ஷியல், நக்கிள்-ஹப்-பிரேக், ஷாஃப்ட் வெட்டி பேலன்ஸ் செய்வது, வெல்டிங், மின் வேலை, எண்ணெய், அலைன்மென்ட், பரிசோதனை, ஜேபிஜே வேலை. பிறகு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் இழக்கும் வருமானம். இதைத்தான் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.

வலப் பக்கத்தில் ஒரே வரி: உங்கள் மாடலின் அதே ஆண்டு ஃபோர்-வீல் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் சந்தையில் உள்ள விலை வித்தியாசம்.

பெரும்பாலும் வலப் பக்கம்தான் குறைவாக இருக்கும். வாங்கிய ஃபோர்-வீல் வண்டியின் கெரான் சுத்தம், மறுவிற்பனை விலையும் உண்டு. மாற்றிய வண்டிக்கு அந்த இரண்டுமே சந்தேகம்.

டீசலையும் சேருங்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. அதற்குப் பிறகு விலை மாறி வந்தாலும் பழைய மலிவுக் காலக் கணக்கு இனி எடுபடாது. கூடுதல் எடையையும் முன் டிஃபரன்ஷியலையும் சேர்த்து இழுக்கும் வண்டி, ஃபோர்-வீலை இயக்காத நாளிலும் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும்.

மாற்றாமலே சமாளிக்க முடியுமா?

நிறையப் பேருக்கு முடியும். இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

டயர்: நெடுஞ்சாலை டயரோடு ஃபோர்-வீல் வண்டியும் சேற்றில் நிற்கும். பின்னால் இரண்டு சேற்று டயர் போட்டாலே வித்தியாசம் தெரியும். பதிவுக்கு ஏற்ற அளவு, மட்கார்டுக்கு வெளியே நீட்டாத அகலம், இரண்டையும் கவனியுங்கள்.

காற்று: காலி வண்டியோடு மண் பாதையில் நுழையும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் விரிந்து பிடிக்கும். சுமை ஏற்றும் முன்பும் தார் ரோட்டுக்கு வரும் முன்பும் மறுபடி நிரப்ப வேண்டும். காற்று குறைந்த டயரில் சுமையோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். சிறிய காற்றடிக்கும் பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும்.

பின் டிஃபரன்ஷியல்: சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தி அந்தப் பக்கமே வீணாகும். அதனால்தான் ஒரு சக்கரம் சேற்றை வாரி அடிக்க, மற்றொன்று சும்மா நிற்கிறது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி அல்லது இரண்டு சக்கரத்தையும் பூட்டும் லாக்கர் போட்டால் டூ-வீல் வண்டியே 'உண்மையான' டூ-வீலாகும். ஃபோர்-வீலாக மாற்றுவதைவிட இது மிகச் சிறிய வேலை. இதற்கும் ஜேபிஜே என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எடை: காலி பிக்அப்பின் பின்பக்கம் லேசாக இருப்பதால்தான் போகும்போது மாட்டிக்கொள்கிறது. பின் ஆக்ஸலுக்கு மேலே சில மணல் மூட்டைகளை நன்றாகக் கட்டி வைத்தால் பிடிப்பு கூடும்.

சங்கிலி, வின்ச், பலகை: டயர் சங்கிலி மண் பாதைக்கு மட்டும், மெதுவான வேகத்துக்கு மட்டும். வின்ச் கம்பி இழுபடும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் ஆளை அடித்துவிடும்.

பாதை: இதுதான் அதிகம் மறக்கப்படுவது. எப்போதும் ஒரே இரண்டு இடத்தில்தான் வண்டி மாட்டுகிறது என்றால் பிரச்சினை வண்டியில் இல்லை. பாதையின் நடுவை உயர்த்தி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, அந்த இரண்டு இடத்திலும் கல் கொட்டினால் எல்லா வண்டியும் போகும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு செலவைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

இல்லை, மாற்றியே ஆக வேண்டும் என்றால்?

சிலருக்கு நியாயமான காரணம் இருக்கும். உயரமான டூ-வீல், கடன் இல்லை, அதே மாடல் ஃபோர்-வீல் வண்டி ஒன்று முழுதாகப் பாகத்துக்குக் கிடைக்கிறது, ஜேபிஜே அனுமதியும் கையில் இருக்கிறது. அப்படியானால் முன் பாதியை ஒரு வண்டியிலிருந்தும் பின் ஆக்ஸலை வேறொரு வண்டியிலிருந்தும் வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து இரண்டு டிஃபரன்ஷியலும், கியர்பாக்ஸும், பிரேக்கும், கணினியும் எடுத்தால் பாதிச் சிக்கல் வராது.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் காலி வண்டியோடு, சமதளத்தில். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதா, ஷாஃப்ட் அதிர்கிறதா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கி, வெல்டிங் போட்ட இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குப் பிறகுதான் சுமை.

கடைசியாக ஒன்று. கோலப்பிலாவிலிருந்து சுமையோடு புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வழியாகச் சிரம்பானுக்கு இறங்குகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் ஏற்கெனவே இருக்கிறது. முன் பாதியைக் கழற்றி மாட்டும் வேலையில் அந்தப் பிரேக்கும் ஸ்டியரிங்கும்தான் கைவைக்கப்படுகின்றன. சேற்றில் ஒரு இரவு நின்றால் ஒரு சுமை குலை நஷ்டம். மலை இறக்கத்தில் பிரேக் விட்டுவிட்டால் நஷ்டம் குலையோடு முடியாது. பட்டறையில் விலை பேசும்போது முதலில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பற்றிக் கேளுங்கள்.